அன்றாடம் ஓட்டும் காருக்கு இன்ஜின் கணினி டியூனிங் செய்வது தகுமா?

நெடுவழி கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே.

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் உள்ளன. ஒன்று 1.5 லிட்டர் டர்போ டீசல், மேனுவல் கியர், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. மற்றொன்று 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்லாதது. இரண்டும் அலுவலகம் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், விடுமுறையில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போய்வரவும் பயன்படுபவை. அதிவேகத்தில் எனக்கு நாட்டமில்லை. ஆனால் டீசல் காரில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுழற்சிக்குக் கீழே ஓடும்போது இழுவை மிகக் குறைவாக இருப்பதும், ஐந்து பேரும் சாமான்களுமாக மேடேறும்போது ஒவ்வொரு முறையும் கியரைக் குறைக்க நேர்வதும், லாரியை முந்துவதற்கு ஆகும் நேரம் அச்சம் தருவதும் நீண்ட நாளாக உறுத்திக்கொண்டிருக்கின்றன.

இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றித் தரும் ஒருவரிடம் விசாரித்தேன். டீசல் காரில் சக்தி 30 சதவீதம் கூடும், மைலேஜும் கூடும், இன்ஜினுக்கு எந்தப் பாதிப்பும் வராது, பெட்ரோல் காருக்கும் சேர்த்தே செய்துவிடலாம் என்றார். சக்தியும் கூடி எரிபொருளும் மிச்சமாகும் என்றால் தயாரிப்பு நிறுவனமே அப்படிச் செய்து விற்றிருக்குமே என்று கேட்டேன். ‘அவர்கள் வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்கள்’ என்பதற்கு மேல் அவரிடமிருந்து விளக்கம் கிடைக்கவில்லை.

அன்றாடம் ஓட்டும் காருக்கு இந்த மாற்றம் உண்மையிலேயே பயன் தருமா? தருமென்றால், எதை இழந்து அந்தப் பயனைப் பெறுகிறோம்? செய்து பார்த்தவர்களும் இத்துறையில் வேலை செய்பவர்களும் காரணத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

அளவுகோல் எழுதுகிறார்:

வணக்கம். இன்ஜின் கணினிக்கான அட்டவணைகளைச் சோதித்து எழுதும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் நான். எனவே அந்த ‘வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்கள்’ என்ற பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். குறைத்து வைப்பது உண்மைதான். ஆனால் காரணமில்லாமல் எந்தத் தயாரிப்பாளரும் அப்படிச் செய்வதில்லை.

இன்ஜின் கணினிக்குள் இருப்பவற்றில் பெரும்பகுதி அட்டவணைகள்தாம். ஒரு பக்கம் இன்ஜினின் சுழற்சி வேகம், மறுபக்கம் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எவ்வளவு எரிபொருளைத் தெளிப்பது, எந்தக் கணத்தில் தெளிப்பது, டர்போ (வெளியேறும் வாயுவால் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) எவ்வளவு அழுத்தம் தருவது, பெட்ரோல் இன்ஜினாக இருந்தால் தீப்பொறி எப்போது விழுவது என்பவை எண்களாக எழுதப்பட்டிருக்கும். இவற்றுக்கு மேல் காவல்போல வரம்பு அட்டவணைகள் வேறு இருக்கும்: புகைக்கு ஒரு வரம்பு, முறுக்குவிசைக்கு ஒரு வரம்பு, வெளியேறும் வாயுவின் வெப்பத்துக்கு ஒரு வரம்பு என்று. டியூனிங் என்பது இந்த எண்களைத் திருத்தி மீண்டும் கணினியில் எழுதுவது. எழுதுபவர் எந்த எண்ணை மாற்றினார், எதை அளந்து பார்த்து மாற்றினார் என்பதைப் பொறுத்தே அது நல்ல டியூனிங்கா கெட்ட டியூனிங்கா என்பது அமைகிறது.

தயாரிப்பாளர் ஒரே மென்பொருளைக் கொண்டு உறைபனியிலும் கடும் வெயிலிலும், கடல் மட்டத்திலும் மலைச்சாலையிலும், தரம் குறைந்த எரிபொருளிலும், எண்ணெய் மாற்றும் காலம் தவறியவரின் கையிலும் காரை ஓடவைக்க வேண்டும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. அதை ஈடுகட்ட டர்போ வழக்கத்தைவிட வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால், சமவெளியில் அதன் முழுத் திறனையும் பயன்படுத்தாமல் கொஞ்சம் இருப்பு வைக்கிறார்கள். மாசு வரம்பு, கியர்பெட்டி தாங்கும் முறுக்குவிசை, பல ஆண்டு ஆயுள் ஆகியவற்றுக்கும் இதேபோல இருப்பு வைக்கப்படுகிறது. விற்பனைக் காரணமும் உண்டு என்பதை மறுக்கவில்லை: ஒரே இன்ஜினை இரண்டு மூன்று சக்தி நிலைகளில் விற்பது உலகெங்கும் நடக்கிறது.

ஆனால் அங்கேயும் கவனம் தேவை. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் 75 குதிரைத்திறனிலும் 90 குதிரைத்திறனிலும் பல கார்களில் வந்தது. பெயரைப் பார்த்தால் ஒரே இன்ஜின். ஆனால் 75இல் இருந்தது நிலையான வடிவ டர்போ, 90இல் இருந்தது இறக்கைகளின் கோணம் மாறும் டர்போ. குறைந்த சக்தி வகையை வைத்திருப்பவர், அதிக சக்தி வகையின் எண்களை அப்படியே எழுதினால் அந்தச் சுமையைத் தாங்கும் பாகம் அங்கே இருக்காது. ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் இன்ஜினுக்கு அதிக சக்தியுள்ள உடன்பிறப்பு ஒன்று விற்பனையில் இருந்ததா, இருந்தால் அதன் டர்போ, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், கிளட்ச் ஆகியவற்றின் பாக எண்கள் உங்கள் காரில் உள்ளவையேதானா என்பது. அவை ஒன்றாக இருந்தால், அந்த அளவுவரை தயாரிப்பாளரே சோதித்துப் பார்த்திருக்கிறார் என்று பொருள். அதற்கு மேல் போவது உங்கள் பொறுப்பு.

டர்போ இல்லாத பெட்ரோல் காரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது உள்ளிழுக்கும் காற்றின் அளவை வளிமண்டல அழுத்தமும் இன்ஜினின் வடிவமும் தீர்மானிக்கின்றன; மென்பொருளால் கூடுதல் காற்றை உள்ளே தள்ள முடியாது. தீப்பொறி நேரத்தைச் சற்று முன்னே நகர்த்தலாம், முழுச் சுமையில் கலவையைத் திருத்தலாம், ஆக்ஸிலரேட்டர் மிதியின் வேகத்தைக் கூட்டலாம். கிடைப்பது சில சதவீதம் மட்டுமே. பள்ளிக்குப் போகும் வழியில் அதை உங்களால் உணரக்கூட முடியாது. அந்தக் காரை அப்படியே விட்டுவிடுங்கள்.

டர்போ டீசலின் நிலை வேறு. டர்போ அழுத்தத்தையும் எரிபொருளையும் சேர்த்துக் கூட்ட முடியும் என்பதால் 20 முதல் 30 சதவீதம் என்ற எண் மிகையானதன்று. அதற்கு ஈடாகச் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், வெளியேறும் வாயு கூடுதலாகச் சூடாகும், டர்போவின் தண்டு வேகமாகச் சுழலும், கரிப்புகை கூடும்.

இங்கே உங்கள் குறையைச் சற்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். 1,800 சுழற்சிக்குக் கீழே மந்தமாக இருப்பதற்குக் காரணம், அந்த வேகத்தில் டர்போவைச் சுழற்றப் போதுமான வாயு வெளியேறுவதில்லை என்பதே. காற்று இல்லாத இடத்தில் எரிபொருளை மட்டும் கூட்டினால் கிடைப்பது கரும்புகைதான். கோணம் மாறும் இறக்கைகள் உள்ள டர்போவாக இருந்தால், அவற்றைச் சற்று முன்னதாகவே மூடச் செய்து கொஞ்சம் முன்னேற்றம் பெறலாம். அதற்கு மேல் மென்பொருளுக்கு அங்கே வேலையில்லை. அதாவது, நீங்கள் எந்த இடத்தில் குறை காண்கிறீர்களோ அந்த இடத்தில் டியூனிங் மிகக் குறைவாகவே உதவும். 2,000 சுழற்சிக்கு மேல்தான் அது தன் பலத்தைக் காட்டும். சக்தி என்பது முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் கிடைப்பது. 2,000 சுழற்சியில் 250 நியூட்டன் மீட்டர் என்றால் 52 கிலோவாட். அதையே 300 ஆக்கினால் 63 கிலோவாட். லாரியை முந்தும்போது இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தச் சக்தியில் பெரும்பகுதியை, மூன்றாம் கியருக்கு இறங்கி இன்ஜினை 2,800 சுழற்சிக்குக் கொண்டுபோவதன் மூலம் இன்றே பெற முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மைலேஜ் கூடும் என்பதை மட்டும் நம்பிச் செலவு செய்யாதீர்கள். சமதளத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்லும் சாதாரணக் காருக்கு 15 முதல் 20 கிலோவாட் போதும். டியூனிங்கில் மாற்றப்படுபவை முழுச் சுமைப் பகுதியின் எண்கள். நீங்கள் நாள் முழுதும் ஓட்டுவதோ பகுதிச் சுமையில். பெட்ரோல் இன்ஜினில் அந்தப் பகுதியில் ஆக்ஸிஜன் உணரியின் கட்டுப்பாட்டில் காற்றும் எரிபொருளும் 14.7க்கு 1 என்ற விகிதத்தைச் சுற்றியே நிற்கின்றன. புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினைவேக மாற்றி (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) வேலை செய்ய அந்த விகிதம் கட்டாயம். டீசலில் எரிபொருள் தெளிக்கும் கணத்தை முன்னே நகர்த்தினால் சிறிது மிச்சமாகும் என்பது உண்மை. கூடவே நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும் என்பதும் உண்மை. தயாரிப்பாளர் ஏன் செய்யவில்லை என்ற உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பயன்பாட்டு வசதிக்காகச் சாலையில் ஒரு விதமாகவும் சோதனையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதிய நிறுவனத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை 2015 செப்டம்பரில் உலகமே பார்த்தது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ 1.1 கோடி டீசல் கார்கள் அதில் சிக்கின.

நான்காம் கியர் எழுதுகிறார்:

அளவுகோல் அவர்கள் எழுதிய தொழில்நுட்பத்தோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் அதைப் படிப்பவர் ‘அன்றாடக் காருக்கு இது வீண்’ என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். என்னுடையது 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். டியூனிங் செய்து சில ஆண்டுகளாகத் தினமும் ஓட்டுகிறேன். எனக்கு அது நிச்சயமாகத் தகும்.

உச்ச சக்தியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. 2,000 முதல் 4,000 சுழற்சிக்குள் கிடைக்கும் நிதானமான, தடையற்ற இழுவைதான் நான் பெற்றது. நெடுஞ்சாலையில் நான்காம் கியரிலேயே முந்த முடிவதும், எதிர்த்திசையில் இருக்கும் நேரம் குறைவதும் எனக்குப் பாதுகாப்பாகவே படுகின்றன. கியரைக் குறைத்தால் அதே சக்தி கிடைக்கும் என்பது கணக்குப்படி சரி; ஆனால் ஒவ்வொரு நாளும் பலமுறை செய்ய வேண்டிய ஒன்று எளிதாவதன் மதிப்பை அந்தக் கணக்கு சொல்வதில்லை. தினமும் ஏறி உட்காரும் கார் என்பதாலேயே அதை ஓட்டுவதில் மகிழ்ச்சி வேண்டும் என்று நினைப்பவன் நான்.

அதற்கு நான் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, எரிபொருள். டர்போ பெட்ரோலில் கூடுதல் சக்தி என்பது கூடுதல் அழுத்தமும் முன்னே நகர்த்தப்பட்ட தீப்பொறியும் சேர்ந்தது. இரண்டுமே நாக்கிங்கை, அதாவது கலவை தீப்பொறியின் அலை வந்து சேரும் முன்பே ஆங்காங்கே தானாக வெடித்து எரிவதை, அருகில் கொண்டுவருகின்றன. என் மென்பொருள் 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோலுக்காக எழுதப்பட்டது. அதற்குக் குறைந்த எரிபொருளை ஊற்றினால் நாக் உணரி அதைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்னே தள்ளும். வாங்கிய சக்தி போய்விடும், வாயுவின் வெப்பமும் ஏறும். எனவே எங்கே போனாலும் அந்த ஆக்டேன் கிடைக்குமா என்று பார்த்தே எரிபொருள் நிரப்புகிறேன். எல்லா இடத்திலும் அது கிடைக்காத பகுதியில் அதிகம் பயணிப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, தாழ்ந்த சுழற்சியில் அழுத்தி மிதிப்பதை விட்டுவிட்டேன். நேரடித் தெளிப்பு டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் 2,000 சுழற்சிக்குக் கீழே அதிகச் சுமை விழுந்தால், தீப்பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நிகழ்வில் பிஸ்டன் உடையும் அளவுக்கு அது கடுமையானது. அதைத் தணிக்கும் எண்ணெய்களுக்காகவே 2018இல் அமெரிக்கப் பெட்ரோலியத் துறையின் ஏபிஐ அமைப்பு எஸ்என் பிளஸ் என்ற தரத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த எஸ்பி தரத்திலும் அது அடங்கும். எனக்கு டியூனிங் செய்தவர் 2,000க்குக் கீழே முறுக்குவிசையை ஏறக்குறைய பழைய அளவிலேயே விட்டுவைத்தார். அவர் மீது எனக்கு நம்பிக்கை பிறந்ததே அவர் இதைத் தானாக எடுத்துச் சொன்னபோதுதான்.

மூன்றாவது, அளவீடு. வேலை தொடங்கும் முன்பு டைனோவில் (சக்கரங்களைச் சுழலவிட்டுச் சக்தியை அளக்கும் கருவி) காரை ஏற்றி, இருக்கும் சக்தியை அளந்தார்கள். ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள், சிலிண்டர் அழுத்தம் பார்த்தார்கள். முடிந்த பிறகு அதே டைனோவில் மீண்டும் அளந்தார்கள். ஒரு டைனோவின் எண்ணை இன்னொரு டைனோவின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை; ஒரே கருவியில் முன்னும் பின்னும் உள்ள வேறுபாடே நம்பத்தக்கது. நான் கேட்டது சுமார் 15 சதவீத உயர்வு மட்டுமே. அதிகம் தரமுடியும் என்றார்கள், வேண்டாம் என்றேன்.

மைலேஜ் விஷயத்தில் அளவுகோல் சொன்னதையே என் அனுபவமும் சொல்கிறது: அமைதியாக ஓட்டினால் முன்பிருந்த அதே அளவு, கூடுதல் சக்தியைப் பயன்படுத்தினால் கூடுதல் செலவு.

பட்டறைக்காரர் எழுதுகிறார்:

நெடுவழி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு டியூனிங் நினைவுக்கு வரவில்லை. உங்கள் காரில் ஏதேனும் பழுது இருக்கிறதா என்ற எண்ணமே முதலில் வந்தது. உத்தரவாதக் காலம் தாண்டிய டீசல் கார் ‘கீழே இழுக்கவில்லை, பிறகு திடீரென்று இழுக்கிறது’ என்ற புகாரோடு எங்களிடம் வருவது மிக வழக்கமான ஒன்று. அவற்றில் பல கார்களுக்கு மென்பொருளில் எந்தக் குறையும் இருப்பதில்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர்க் குழாயில் கிளாம்புக்கு அருகே வெடிப்பு இருக்கும். இன்டர்கூலருக்குள் கசிவு இருக்கும். டர்போவின் இறக்கைகள் கரி பிடித்து முழுமையாக அசையாமல் நிற்கும். வெளியேறும் வாயுவைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு முழுதும் மூடாமல் திறந்தே கிடக்கும். காற்றின் அளவைக் காட்டும் உணரி அழுக்கேறி, உள்ளே வரும் காற்றைக் குறைத்துக் காட்டும். காற்று குறைவு என்று கணினி நம்பினால், புகை வராமலிருக்க எரிபொருளையும் குறைத்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியாமலேயே இவையெல்லாம் நடக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. ஸ்கேனரை இணைத்து, ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாம் கியரில் 1,500 சுழற்சியிலிருந்து முழுவதுமாக மிதித்து 3,500 வரை போகும்போது நான்கு எண்களைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள்: கணினி கேட்கும் டர்போ அழுத்தம், உண்மையில் வரும் அழுத்தம், காற்றின் அளவு, எரிபொருள் ரயிலின் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்தளிக்கும் உயரழுத்தக் குழாய்) அழுத்தம். கேட்டதும் வந்ததும் ஒன்றையொன்று ஒட்டிச் சென்றால் கார் நலமாக இருக்கிறது. வந்தது நீண்ட நேரம் பின்தங்கினால் கசிவையோ டர்போவையோ பாருங்கள். இந்தப் பதிவு இல்லாமல் டியூனிங் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: கசியும் குழாயுள்ள காரில் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னால், டர்போ அந்தக் கசிவையும் சேர்த்து ஈடுகட்டத் தன் எல்லைக்கு மேல் சுழன்று சீக்கிரமே போய்விடும். பிறகு பழி டியூனிங் மேல் விழும், அல்லது டர்போ தயாரிப்பாளர் மேல் விழும்.

சரி, கார் நலமாக இருக்கிறது, டியூனிங் செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் கை தூக்குவது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, கிளட்ச். பாதி தேய்ந்த கிளட்ச் பழைய முறுக்குவிசையைத் தாங்கிக்கொண்டிருக்கும். புதியதைத் தாங்காமல் உயர்ந்த கியரில் வழுக்கத் தொடங்கும். இரட்டை எடை ஃபிளைவீல் (இன்ஜினின் அதிர்வைத் தணிக்கும் சுழல்சக்கரம்) உள்ள கார்களில் அதன் உள்ளிருக்கும் சுருள்விற்களும் தாழ்ந்த சுழற்சியில் வரும் கூடுதல் இழுப்பால் சீக்கிரம் தளரும். இந்த இரண்டையும் மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டியூனிங் செய்பவர் தன் விலையில் அதைச் சொல்ல மாட்டார்.

இதைப் படிக்கும் ஆட்டோமேட்டிக் கார்க்காரர்களுக்கும் ஒரு சொல். ஒவ்வொரு கியர்பெட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் பரவலாக உள்ள டிக்யூ200 என்ற ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. அதோடு வந்த சில டர்போ இன்ஜின்கள் தயாரிப்பிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிட்டன. இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. இன்ஜின் கணினி தான் எவ்வளவு முறுக்குவிசை தருகிறது என்பதைக் கியர்பெட்டியின் கணினிக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் கிளட்சை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று பெட்டி முடிவு செய்கிறது. வரம்புகளை முறையாகத் திருத்தத் தெரியாத சிலர், உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும்படி அந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறார்கள். 320 வரும்போது 250 என்று கேள்விப்படும் பெட்டி, 250க்கு ஏற்பவே பிடிக்கும். கிளட்ச் தட்டுகள் தேய்ந்து கருகி வரும்போது உரிமையாளருக்குக் காரணமே தெரியாது.

கடைசியாக, டீசலில் ‘புகை வடிகட்டியையும் இஜிஆரையும் நீக்கிவிட்டால் இன்னும் நன்றாக ஓடும்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள். அது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம் என்பது ஒருபுறம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. நம் பிள்ளைகள் பள்ளி வாசலில் நிற்கும் இடத்தில்தான் அந்தப் புகை போய்ச் சேர்கிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஏன் அடைத்தது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டுமே தவிர, அதை அறுத்தெடுப்பது பழுதுபார்ப்பு ஆகாது.

நெடுவழி எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெட்ரோல் காரை விட்டுவிடுகிறேன். டீசல் காருக்குப் பட்டறைக்காரர் ஐயா சொன்ன நான்கு எண்களின் பதிவை முதலில் எடுக்கப் போகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. கணினியைத் தொடாமல், இடையில் ஒரு பெட்டியை மட்டும் இணைத்தால் போதும், வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது பாதுகாப்பானதா? மேலும், மென்பொருளை மாற்றிய பிறகு விருப்பமில்லை என்றால் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்ப முடியுமா, அதன் தடயம் இருக்குமா?

அளவுகோல் எழுதுகிறார்:

இணைப்புப் பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றை மற்றொன்றாக நினைத்து வாங்கிவிட வேண்டாம்.

ஒன்று ஆக்ஸிலரேட்டர் மிதியின் சைகையை மட்டும் மாற்றுவது. நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் 50 மிதித்ததாகக் கணினிக்குச் சொல்லும். காரின் சக்தி துளியும் கூடாது. முழுவதும் மிதித்தால் முன்பு வந்ததே வரும். நெரிசலில் காரை மெல்ல நகர்த்துவது கடினமாகும் என்பதைத் தவிர இன்ஜினுக்குத் தீங்கில்லை, நன்மையும் இல்லை.

மற்றொன்று டீசல் கார்களுக்கான டியூனிங் பெட்டி. இது பெரும்பாலும் எரிபொருள் ரயிலின் அழுத்த உணரிக்கும் கணினிக்கும் இடையில் அமர்ந்து, உண்மை அழுத்தத்தைவிடக் குறைந்த எண்ணைக் கணினிக்குக் காட்டும். அழுத்தம் போதவில்லை என்று நம்பும் கணினி அதைக் கூட்டும். அதே திறப்பு நேரத்தில் கூடுதல் எரிபொருள் உள்ளே போகும். ஏற்கெனவே 1,600 பார் அழுத்தத்துக்கு மேல் வேலை செய்யும் பம்பும் இன்ஜெக்டரும் கணினிக்குத் தெரியாமலேயே கூடுதல் சுமை சுமக்கின்றன. புகை வரம்பும் முறுக்குவிசைக் கணக்கும் பொய்யான எண்ணின் மேல் நடக்கின்றன. பட்டறைக்காரர் கியர்பெட்டியைப் பற்றி எழுதிய அதே குறை இங்கே வடிவமைப்பிலேயே இருக்கிறது. டர்போ அழுத்த உணரியையும் சேர்த்துக் கையாளும் உயர்தரப் பெட்டிகள் இதைவிடச் சற்று மேலானவை என்றாலும், அளந்து எழுதப்பட்ட மென்பொருளுக்கு அவை ஈடாகா. கழற்றிவிடலாம் என்ற வசதிக்காக இதைத் தேர்ந்தெடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பழைய நிலைக்குத் திரும்புவது முடியும், நீங்கள் ஒன்றைச் செய்திருந்தால். வேலை தொடங்கும் முன்பு கணினியிலிருந்து படித்தெடுத்த மூலக் கோப்பின் பிரதியை உங்கள் கையில் கேட்டு வாங்குங்கள். சிலர் காரிலிருந்து எதையும் படிக்காமல், வேறெங்கோ கிடைத்த அதே வகைக் காரின் திருத்திய கோப்பை நேரடியாக எழுதிவிடுவார்கள். அவர்களிடம் உங்கள் மூலக் கோப்பு இருக்காது. தர மறுப்பவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம். அவர் என்னென்ன எண்களைப் பதிவுசெய்து பார்ப்பார் என்றும் கேளுங்கள். டீசலுக்கு டர்போ அழுத்தம், ரயில் அழுத்தம், வெளியேறும் வாயுவின் வெப்பம், புகை ஆகிய நான்கையும் சொல்லாதவர் அளக்காமல் எழுதுபவர்.

தடயம் இருக்கும். கண்டறியும் இணைப்பு வழியாக மென்பொருளின் அடையாள எண்ணையும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணையும் எவரும் படிக்க முடியும். அட்டவணையில் ஓர் எண் மாறினாலும் சரிபார்ப்பு எண் மாறிவிடும். மூலக் கோப்பைத் திரும்ப எழுதினால் அதுவும் பழையபடி ஆகும், ஆனால் பல கணினிகள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற எண்ணிக்கையைத் தனியே வைத்திருக்கும். உங்கள் காருக்கு உத்தரவாதம் முடிந்துவிட்டதால் அந்த வகையில் இழப்பில்லை. காப்பீடு வேறு விஷயம்: மாற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காமல் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டை மறுக்க அது அவர்களுக்குக் காரணமாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டியூனிங் செய்த பிறகு சர்வீஸுக்குக் காரை விடும்போது, கணினி மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் புதிய பதிப்பை எழுதினால் உங்கள் மாற்றம் முழுதும் அழிந்து, கார் பழைய சக்தியோடு திரும்பி வரும். அதே காரணத்தால், டியூனிங்குக்கு முன்பு உங்கள் காருக்குத் தயாரிப்பாளர் வெளியிட்ட புதுப்பிப்பு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்றும் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த சுழற்சியில் வரும் தயக்கத்தைச் சரிசெய்யும் திருத்தங்கள் அவற்றில் சில நேரம் இருக்கும்.